மண்டூரிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை ட்ரான்சிட்?

மண்டூரிலிருந்து ரொறன்ரோவுக்குப் புறப்படும் ஒரு குடும்பம் விமானத்தைக் கண்ணால் காணுமுன்பே மூன்று தரம் மாறி ஏறியிருக்கும். முதலில் படகுப் பாதை. மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக் குருமண்வெளிக்கு, மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவே, பிளாஸ்டிக் கயிறு வரிந்து கட்டிய 23 கிலோப் பெட்டிகளும் மிதந்து போகும். வான் பிடிக்க வசதியுள்ளவர்கள் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போவார்கள். பிறகு களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு நகரம். அதற்கும் பிறகுதான் கட்டுநாயக்கா விமான நிலையம், 300 கிலோமீட்டர் அளவில்.

நேரே போகிற விமானமா, ட்ரான்சிட்டா என்று டிக்கெட் போடும் கடையில் வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். வாவிக்கரை ஆளுக்கு நேரே போகிற விமானம் என்று ஒன்றுமே கிடையாது.

திமிலைதீவுப் பக்கம், தண்ணீரை ஒட்டி, மட்டக்களப்புக்கும் ஒரு விமான நிலையம் இருக்கத்தான் செய்கிறது. நெடுங்காலம் விமானப்படையின் கையில் இருந்து, 2018இல் பொதுப் பயணிகளுக்குத் திறந்தது. பெயரில் ‘சர்வதேச’ ஏறிவிட்டது. வெளிநாட்டுக்கு ஒழுங்கான சேவைதான் இன்னும் ஏறவில்லை. 2019 நவம்பரில் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குச் சேவை தொடங்கியது. ஆனால் மட்டக்களப்பாருக்குப் பலாலியும் ஏறத்தாழ கட்டுநாயக்கா அளவு தூரம்தான்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது விமானம் கிளம்பும் நேரம். பகலில் கிளம்புவதென்றால் ‘பாடுமீன்’ இரவு ரயில் தோதுப்படும். விடியும் முன்னே கொழும்புப் பக்கம் போய்விடலாம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் வளைகுடா விமானமென்றால் மத்தியானமே வான் ஏறவேண்டும். இரண்டிலும் சில மணித்தியாலம் கையிருப்பாக விடாமல் தீராது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. ரயிலும் தடம்புரண்டு மட்டக்களப்புப் பாதை முடங்கியது. அப்படி ஒரு நாளில் கட்டுநாயக்காவில் விமானம் யாருக்காகவும் நிற்காது.

நேரேயா, ட்ரான்சிட்டா என்ற தீர்மானம் லண்டனுக்குச் சுலபம். கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் விமானம் நிற்காமல் 11 மணித்தியாலம் அளவில் போகிறது. டோஹா, டுபாய் வழியாகப் போனால் பல வேளைகளில் காசு மிஞ்சும். மகன் விலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஊரிலிருந்து தாய் போனில் சொல்வாள்: “ஏறினா இறங்குற இடம் லண்டனா இருக்கோணும் மனே. நடுவில இறக்கி விட்டா எனக்குப் போர்ட் வாசிக்கவும் தெரியாது.” எழுபது வயதுத் தாய் தனியே வருகிறார் என்றால் மிஞ்சும் காசை மறந்துவிடுவதே சரி.

நிற்காமல் பறப்பதற்கு விலை ஏறுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தூரம் கூடக்கூட எரிபொருள் கூடும். அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். இதை அப்பட்டமாகக் காட்டியது இலங்கையின் இன்னொரு வாவி. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கான வழி அறுந்தது. 1943 ஜூலை முதல் பேர்த்துக்கும் தென்கரைக் கொக்கல வாவிக்கும் இடையே குவாண்டாஸின் கடற்படகு விமானங்கள் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நிற்காமல் பறந்தன. வழியில் இரண்டு சூரிய உதயம். தொட்டி நிறைய எரிபொருள் ஏற்றியதில் பயணிகளுக்கு மிஞ்சிய இடம் மூன்றே மூன்று. வளைகுடா நிறுவனங்கள் செய்வது இதற்கு நேர்மாறு: பல ஊர்களின் ஆட்களை ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டி, அங்கிருந்து பெரிய விமானங்களை நிரப்புகின்றன. டிக்கெட் மலிவதன் இரகசியம் அதுதான்.

ரொறன்ரோவுக்கு இந்த வாதமே எழாது. கொழும்பிலிருந்து நேரே விமானம் இல்லை. எங்காவது மாறியே ஆகவேண்டும். அங்கேதான் தவறான மிச்சம் பிடிப்பு நடக்கிறது. சென்னை வரை ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து வேறொரு டிக்கெட் என்று தனித்தனியே வாங்கினால், பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. ஐரோப்பா வழியென்றால் இன்னொரு சங்கதி: விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் ட்ரான்சிட் விசா கேட்கும் ஷெங்கன் பொதுப் பட்டியலில் உள்ள 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. செல்லுபடியான கனடா விசா கையில் இருந்தால் விலக்குண்டு.

ஒரே டிக்கெட்டில் போட்டால் பெட்டி கட்டுநாயக்காவில் கைவிட்டு ரொறன்ரோவில்தான் கைக்கு வரும். வாங்கும்போதே வீல்செயார் எழுதிக் கேட்டுவிட்டால், இங்கிலீஷ் தெரியாத அம்மாவையும் அப்பாவையும் ஒருவர் வாசலுக்கு வாசல் கூட்டிப்போவார். நடக்க முடிந்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் கேட்கலாம். ட்ரான்சிட்டுக்கு ஒரு மணித்தியாலம் போதும் என்று கணினி காட்டும். மூன்று, நான்கு மணித்தியாலம் உள்ளதை எடுப்பதே புத்தி.

2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியை மூடியபோது டோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திரும்பின, ட்ரான்சிட்டில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இப்படியொரு நாளில் ஒரே டிக்கெட்காரரை வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனியே வாங்கியவர் அடுத்த டிக்கெட்டை அன்றைய விலைக்குத் தானே வாங்கவேண்டியிருக்கும்.