வீட்டில் வெட்டிய விதைத்தட்டு

'மக்காச்சோளத்துக்கு வாங்கிய விதைப்புக் கருவியில் நிலக்கடலை போட்டால் பருப்பு உடைகிறது. தட்டை மட்டும் மாற்ற முடியுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். பயிருக்கு ஏற்ற தட்டு கடையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அதுதான் சுலபம். கிடைக்காதபோது திண்டிவனம் பக்கத்தில் ஒரு பையன் என்ன செய்தான் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை எழுதுகிறேன்.

டிப்ளமோ படித்த பையன். வீட்டில் மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போட வேண்டும். இருந்ததோ சாய்வுத்தட்டுக் கருவி. விதைப்பெட்டியின் அடியில் சாய்ந்து சுற்றும் தட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் ஒரு விதையை எடுத்துவந்து போட வேண்டும். குழி சிறியதாக இருந்தால் பருப்பு நசுங்கும், பெரியதாக இருந்தால் இரண்டிரண்டாக விழும். 30க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1.35 லட்சம் செடி. நூறு பருப்பு 40 கிராம் என்றால் 54 கிலோ விதை. பத்துக் குழியில் மூன்றில் இரட்டை விழுந்தால் இன்னும் 16 கிலோ மண்ணுக்குள் போய்விடும். அந்த வீட்டில் விதைக்கே கடன் வாங்கித்தான் ஆகவேண்டிய நிலை. "மெஷின் மெஷின்னு இவன் போட்ட காசுக்கு மூட்டை விதையே வாங்கியிருக்கலாம் சார்" என்று அம்மா என்னிடமே சொன்னார்.

அவன் செய்து வைத்திருந்தது சி.என்.சி. ரவுட்டர். மரம், பிளாஸ்டிக் பலகையைக் கணினி சொல்படி வெட்டும் கருவி. மூன்று திசைக்கும் ஸ்டெப்பர் மோட்டார், திருகுக் கம்பி, நடுவில் பிட் சுழலும் ஸ்பிண்டில். மூளையாக உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு. அதில் ஓடுவது ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள். 2009இல் நார்வேக்காரர் ஒருவர் தொடங்கியது. இன்றைக்கும் காசு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

காசில்லாமல் கிடைக்கிறது என்பதால் இறக்கியதும் ஓட்டிவிடக் கூடாது. முதல் தட்டை 120 மி.மீ. விட்டத்தில் கேட்டான். 150 வந்தது. ஆழமும் கால் பங்கு கூடி, பிட் அடிப்பலகையில் இறங்கிவிட்டது.

காரணம் ஒரே எண். ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை அடி வைக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் 250 என்று வைத்துக்கொள்ளும். அவனுடைய மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைப்பது. டிரைவர் அதை எட்டாகப் பிரிப்பதால் 1,600. கம்பியில் மரைக்கும் மரைக்கும் இடைவெளி 2 மி.மீ.தான், ஆனால் நாலு மரை சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு நகர்வது 8 மி.மீ. 1,600ஐ எட்டால் வகுத்தால் 200. $100, $101, $102 என்ற மூன்று வரிகளில் 200 என்று போட்டதும் அளவு சரிக்கு வந்தது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. விதைப்புக் கருவியில் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, ஒரு சுற்றுக்கு எத்தனை விதை என்று பார்க்கிறோமே, அதேதான்.

அளவு சரியான பிறகும் வட்டம் வட்டமாக இல்லை. திசை மாறும் நாலு இடத்திலும் லேசாகத் தட்டையாக இருந்தது. பையன் உடனே 200ஐ 201.5 என்று மாற்றப் போனான். "தம்பி, எண்ணைத் தொடாதே, முதலில் நட்டைப் பிடித்து ஆட்டிப் பார்" என்றேன். கால் மி.மீ. ஆட்டம் இருந்தது. மோட்டாரையும் கம்பியையும் சேர்க்கும் கப்ளிங்கில் திருகு தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, ஆட்டத்தைத் தின்றுவிடும் ஸ்பிரிங் வைத்த நட்டு போட்டதும் போயிற்று. லினக்ஸ்சி.என்.சி. என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் இந்த ஆட்டத்தைக் கணக்கில் ஈடுகட்ட வசதி உண்டு. ஜி.ஆர்.பி.எல்.லில் அது இல்லை. இருந்தாலும் தளர்ந்த திருகை இறுக்குவதுதான் முறை. டிராக்டரில் கப்ளிங் ஆடினால் ஆக்சிலேட்டரையா திருகுவோம்?

மூன்றாவது தொல்லை வேகம். யாரோ ஒருவருடைய இயந்திரத்தின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான், நிமிடத்துக்கு 5,000 மி.மீ. மோட்டார் உறுமியதே தவிர நகரவில்லை. இந்த மென்பொருள் 'நகரு' என்று சொல்லும், நகர்ந்ததா என்று பார்க்காது. நின்றுபோன மோட்டாரை ஓடியதாகவே எண்ணிக்கொண்டு மீதியைத் தப்பான இடத்தில் வெட்டும். பிட்டை உயரத் தூக்கி, வெறுமனே 500இல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னேன். 2,200இல் தடுமாறியது. 1,800இல் நிறுத்தினோம். முடுக்கத்துக்கும் இதே முறைதான். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, பழையதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் கருகிவிடும். கண்ணாடி போடாமல் பிட் பக்கம் குனியவும் கூடாது.

பிறகு குழியின் அளவு. விதைப்பெட்டியிலிருந்து நூறு பருப்பு எடுத்து வெர்னியரில் அளந்தோம். நீளமானது 13 மி.மீ. அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் குழி இருக்க வேண்டும் என்பது பொது விதி. சக்கரத்தின் குறுக்களவு 38 செ.மீ., ஒரு சுற்றுக்கு 120 செ.மீ. ஓடும். தட்டும் அதே வேகத்தில் சுற்றுவதால் 12 குழி போட்டால் 10 செ.மீ.க்கு ஒரு விதை. 16 மி.மீ. குழியோடு அவன் ஆசைக்கு ஒன்று, 14.5இல் ஒன்று என இரண்டு தட்டு வெட்டினான். கருவியைக் கல் மேல் தூக்கி வைத்து, விதை போட்டு, சக்கரத்தை 20 சுற்று கையால் சுற்றினோம். விழ வேண்டியது 240. பெரிய குழியில் 281 விழுந்தது. சின்னதில் 246, உடைந்தது மூன்று. எண்ணியது அம்மாதான், முறத்தில் கொட்டி. எண்ணி முடித்துவிட்டு, மூட்டை விதைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

வாசகருக்குச் சொல்வது இதுதான். ஒரே ஒரு தட்டுக்காக இந்த இயந்திரத்தைச் செய்யாதீர்கள். அதற்கான செலவும் ஓய்வு நேரமும் வேறு. உங்கள் ஊரில் யாராவது வைத்திருந்தால் வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய தட்டின் தடிமன், நடுத்துளை, சங்கிலிப் பல் எண்ணிக்கை மூன்றையும் அளந்து கொடுங்கள். அந்தப் பையனிடம் இப்போது உளுந்துக்கும் எள்ளுக்கும் தட்டு கேட்டு வருகிறார்கள். குழி அளவைச் சொன்னால் அவன் வாங்கிக்கொள்வதில்லை, விதைக்கப்போகிற மூட்டையிலிருந்து ஒரு படி கொண்டுவரச் சொல்கிறான்.