முப்பத்தாறு துளை

வராக நதி பெரியகுளத்தைத் தாண்டி, வடுகபட்டி, மேல்மங்கலம் என்று தொட்டுக்கொண்டு எங்கள் ஜெயமங்கலத்துக்கு வரும். பிறகு வைகையில் போய்ச் சேரும். ஊரைச் சுற்றி நெல், கரும்பு, தென்னை, வாழை. மேடு என்று சொல்ல ஒன்றும் பெரிதாகக் கிடையாது. இந்தத் தரையில் சைக்கிளுக்கு மோட்டார் எதற்கு என்று கேட்பவர்கள் ஆடி மாதத்தில் ஒரு தடவை இங்கிருந்து பெரியகுளத்துக்கு மிதித்துப் பார்க்கட்டும். மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று நேரே நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறவனுக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வந்தால், காற்றின் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அறுபதைத் தாண்டிய முழங்கால் இந்தக் கணக்கைப் படிக்காமலே போட்டுவிடும்.

"பேசாம ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிப் போடுங்க சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். தப்பில்லாத யோசனைதான். 1980இல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்து வண்டிகள்தான் இந்தப் பக்கத்தில் புல்லுக்கட்டும் உரமூட்டையும் சுமக்கின்றன. ஆனால் எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால். அதன்மேல் இரண்டு தென்னந்தடி போட்டிருக்கும். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கடக்க வேண்டும். எண்பது கிலோவுக்கு மேல் கனக்கிற எக்ஸ்எல்லை யார் தூக்குவது?

கேட்டவர்களுக்கெல்லாம் இந்தத் தென்னந்தடிக் காரணத்தைத்தான் சொன்னேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. "நான் இன்னமும் மிதிச்சுத்தான் போறேன், அதான் சுகர் அண்டல" என்று டீக்கடையில் பல வருஷமாகப் பீற்றிக்கொண்டவன் நான். மோட்டார் வேண்டும், ஆனால் அது யார் கண்ணிலும் படக்கூடாது. "இருக்கிறதிலேயே சின்னது, லேசானது எது?" என்று கடை கடையாகக் கேட்டதில் பாதி கௌரவம்.

கடைகளில் முதலில் வாட் கணக்குத்தான் பேசினார்கள். 350 வாட், 500 வாட், "பறக்கும் சார்." பறக்கிற வண்டிக்குப் பதிவெண், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலோ மிதிப்பதை நிறுத்தினாலோ உதவி நின்றுவிட்டால்தான் நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைச் சைக்கிளாகவே விடுகின்றன. ஐரோப்பாவிலும் இதே 250, இதே 25. சமதரையில் ஒரு ஆளும் சைக்கிளும் சுமாரான வேகத்தில் போக நூறு வாட் அளவுதான் செலவு. காற்று நாளில் அது இரட்டிப்பாகும். அதில் பாதியை என் கால் கொடுக்கும். 500 எதற்கு?

வகைகளைக் கழித்துக்கொண்டே வந்தேன். டயரை உரசி ஓட்டுகிற உருளை மோட்டார்தான் எடை மிகக் குறைவு. ஆனால் வாய்க்கால் வரப்புச் சேறு டயரில் ஏறினால் வழுக்கும், டயரையும் தின்னும். மிதிகட்டை அச்சில் மாட்டுகிற மோட்டார் சங்கிலி வழியாக இழுப்பது. கியர் உள்ள சைக்கிளில்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். ஒற்றைப் பல்சக்கரம் வைத்த நம் சைக்கிளில் அந்தக் காசு வீண். மிச்சமிருந்தது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே மோட்டார் உள்ள ஹப் வகை. அதிலும் இரண்டு உண்டு. காந்தம் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவது ஐந்தாறு கிலோ இருக்கும். மின்சாரம் நின்றபின் மிதித்தால் காந்தம் பின்னுக்கு இழுக்கும். உள்ளே பல்சக்கரமும் கிளட்சும் உள்ளது இரண்டரை கிலோதான். பேட்டரி தீர்ந்தாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். முன்சக்கரத்துக்கு அதைத்தான் எடுத்தேன்.

மாட்ட நினைத்தது அப்பாவின் பெரிய சைக்கிளில். சைக்கிள் கடைத் தம்பி மோட்டாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் சக்கரங்களில் போக்ஸ் கம்பிகளை விரலால் தட்டித் தட்டி எண்ணினார். "முன்னாடி 32, பின்னாடி 40. இதுல 36 துளை. எங்கிட்டுண்ணே கோக்குறது?" அதோடு ராடு பிரேக். அது ரிம்மின் உள்பக்கத்தை அழுத்துவது. மோட்டார் கிட்டோடு வரும் ரிம்மில் அதற்கு இடமே கிடையாது. இத்தனை நாள் கிராம் கணக்குப் பார்த்த எனக்குத் துளைக் கணக்குத் தோன்றவில்லை.

வீட்டில் இன்னொரு சைக்கிள் இருந்தது. மகள் பள்ளிக்கு ஓட்டிப் போட்டுவிட்ட 26 அங்குல லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை, கேபிள் பிரேக், 36 துளை. மோட்டாரை ஒளிக்கப் போனவன் லேடீஸ் சைக்கிளில் பவனி வரவேண்டியதாயிற்று. டீக்கடையில் இரண்டு வாரம் எனக்கு நல்ல பூசை. ஆனால் வேட்டி கட்டினவனுக்கு நடுக்குழாய் இல்லாத சைக்கிள்தான் வசதி என்பதை இத்தனை வயசுக்குமேல் கண்டுகொண்டேன். காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முழங்காலும் நன்றி சொன்னது.

மோட்டார் அச்சு 12 மில்லிமீட்டர் கனம், இரு பக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாகச் சீவியிருந்தது. ஃபோர்க்கின் வாய் அதைவிடக் குறுகல். தம்பி அரத்தால் ராவினார். கொஞ்சம் ராவுவார், வைத்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார். கூடுதலாக ராவினால் அச்சு லொடலொடக்கும். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சு பின்னே திரும்பப் பார்க்கும். திரும்பிவிட்டால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும். அதைத் தடுக்க ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் பட்டறையில் வெட்டி, ஒரு முனையை அச்சிலும் மறுமுனையை ஃபோர்க்கிலும் பிடித்துக் கட்டினோம். டார்க் ஆர்ம் என்பார்கள். முன்சக்கர மோட்டாருக்கு இது இல்லாமல் ஓட்டவே கூடாது. ஒயரையும் மழைநீர் வழிந்து அச்சுக்குள் போகாதபடி கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினார்.

பேட்டரியில் பேராசை பிடித்தால் எடை கூடிவிடும். 36 வோல்ட்டுக்கு ஈய பேட்டரி மூன்று வைத்தால் பன்னிரண்டு கிலோ. மோட்டாரில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர் லித்தியம் வாங்கினேன், இரண்டு கிலோ. கையில் 280 வாட் அவர். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகும். பெரியகுளம் போய் வர மிச்சமே இருக்கும். கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டால் தென்னந்தடியைப் பழையபடி கடக்கலாம். சார்ஜ் போடுவது பகலில், திண்ணையில், அதற்கென்று வந்த சார்ஜரில் மட்டும். படுக்கிற அறையில் போடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார் இது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குத் தெரியாது. கரும்புக்காட்டு வரப்பில் பைய உருட்டுகிற நேரத்தில் திடீரென்று முன்சக்கரத்தை இழுக்கும், சேற்றில் சறுக்கும். ரோட்டை விட்டு இறங்கும்போதே சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

போன வாரம் அண்ணன் மகன் அவங்க தாத்தா சைக்கிளை, அதாவது எங்கப்பாவுடையதை, கேட்டு வாங்கிப்போக வந்தான். அவனுக்கும் இதேபோல் ஒன்று மாட்ட வேண்டுமாம். முன்சக்கரத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.