சிறகு விரியும் வரை பொறுங்கள்

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் பட்டர்வொர்த் பக்கம் போனால், வடக்கே சற்றுத் தள்ளியிருக்கும் தெலுக் ஆயர் தாவார் கடற்கரையையும் எட்டிப் பாருங்கள். குளிப்பதற்கு ஏற்ற கடல் அல்ல. தண்ணீர் வற்றினால் சேறுதான். அந்தச் சேற்றை நம்பி ஆண்டுதோறும் வடதேசத்துப் பறவைகள் வருகின்றன.

சென்ற சனவரியில் மகனோடு போயிருந்தேன். மீன்பிடிப் படகுகளைச் சுற்றிக் கடற்காகங்கள். பெயரில்தான் காகம், உடம்பெல்லாம் வெள்ளை. இங்கு வருபவை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். திபெத் போன்ற மலைநாட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இறங்கி வருபவை. அப்போது தலையும் வெளுத்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும்.

கூட்டத்தில் ஒன்று கொஞ்சம் சிறியது. மற்றவற்றின் கண் வெளிறியிருக்க, இதற்குக் கண் கறுப்பு.

"இளம் பறவைக்குக் கண் கறுப்பாகத்தான் இருக்கும். அப்படியே எழுதிக்கொள்" என்றேன்.

"சிறகை விரிக்கட்டும்ப்பா, பார்த்துவிட்டு எழுதலாம்" என்றான்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். படகு ஒன்று வர, எல்லாம் எழும்பின. மற்றவற்றின் சிறகு நுனி அகலக் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. இதற்கோ முன்விளிம்பு பளிச்சென்று வெள்ளை. கறுப்பு, வேட்டிக் கரை போல ஓரத்தில் மட்டும்! இங்கே அரிதாக வரும் கருந்தலைக் கடற்காகம் அது. என் அவசரத்துக்கு வெட்கப்பட்டேன்.

பறவையைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்தப் பொறுமை இன்னும் அவசியம். 1899இல் டென்மார்க் ஆசிரியர் மோர்டென்சென், மைனா இனப் பறவைகளுக்கு அலுமினிய வளையமிட்டு வழிகாட்டினார். 1963 முதல் 1971 வரை மெக்ளூர் தலைமையில் மலேசியா உட்பட ஆசிய நாடுகளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டார்கள். வளையம்தான் பறவையின் அடையாளக் கார்டு. பதிவேட்டில் பெயரைத் தவறாக எழுதினால், அது எங்கே பறந்தாலும் தவறும் கூடவே பறக்கும். பிறப்புப் பத்திரத்தில் ஓரெழுத்து மாறியதற்காக எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறோம்! நமக்கா இது புரியாது?

வளையமிட்ட பறவை இறந்து கிடந்தால், வளையத்தை வீசிவிடாதீர்கள். எண், இடம், நாள் மூன்றையும் குறித்து, அதில் பொறித்துள்ள முகவரிக்கு எழுதிப் போடுங்கள். உயிரோடிருந்தால் கழற்ற வேண்டாம். எண்ணை மட்டும் பாருங்கள். உங்கள் ஒரு கடிதத்தில் அந்தப் பறவையின் பயணம் தெரியவரும்.