ஸ்பெஷல் நாடகக் கலைஞரின் வழித்தடம்

மதுரை நகரையும் அதைச் சூழ்ந்துள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களையும் தன் முதன்மையான களமாகக் கொண்டு இன்றும் நடைபெற்றுவரும் ஸ்பெஷல் நாடகம், ஊர் ஊராகச் செல்லும் மேடைக் கலைகளுள் தனித்தன்மை வாய்ந்தது. மேலை நாட்டு ராக் இசைக்குழு சுற்றுப்பயணம் புறப்படும்போது, பல மாதங்கள் ஒன்றாகப் பயிற்சி செய்த அதே நான்கைந்து பேர் ஒரே பேருந்தில் நகரம் நகரமாகச் செல்கின்றனர். ஸ்பெஷல் நாடகத்திலோ குழு என்பதே ஓர் இரவுக்கு மட்டும் உருவாகி விடியலில் கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு நடிகரும் ஒவ்வோர் இசைக்கலைஞரும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுகிறார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது, கம்பெனியும் கிடையாது.

இந்த அமைப்புக்கு முன்பும், சிறிது காலம் இதனோடு இணையாகவும், நாடகக் கம்பெனிகள் இயங்கின. தமிழ் நாடகக் கலைஞர்கள் தலைமையாசிரியராகப் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார், டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். எம்.ஜி. ராமச்சந்திரனும் பி.யு. சின்னப்பாவும் பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இவ்வகையைச் சேர்ந்ததே. சிறுவர்கள் ‘கம்பெனி வீடு’ எனப்பட்ட இல்லத்தில் கூடி வாழ்ந்து, திரைச்சீலைகளோடும் உடைப்பெட்டிகளோடும் ரயிலேறி, ஓர் ஊரில் வாரக்கணக்கில் தங்கி நடித்தனர். கட்டுப்பாடு கடுமையானது, ஆனால் சாப்பாடும் படுக்கையும் பயணச்செலவும் கம்பெனியின் பொறுப்பாக இருந்தன. 1931இல் பேசும்படம் வந்த பின் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது, அந்தப் பொறுப்பும் உடன் மறைந்தது. கலைஞருக்குத் தம் தேதியைத் தாமே முடிவு செய்யும் உரிமை கிடைத்தது. வழியில் நேரும் செலவும் அலைச்சலும் ஆபத்தும் முழுமையாக அவர் தலைமேல் ஏறின. இம்மாற்றத்தின் விளைவை இன்றுவரை யாரும் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அறிமுகமே இல்லாத கலைஞர்கள் ஒத்திகையின்றி ஓர் இரவு முழுவதும் நாடகம் நடத்த முடிவதற்குக் காரணம், சுவாமிகள் இயற்றிய நாடகங்களின் பாடல்களும் வசனங்களும் எல்லோருக்கும் பொதுவான பாடமாக அமைந்திருப்பதே ஆகும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்றவற்றை ஒருவர் கற்றுத் தேர்ந்துவிட்டால், எந்த ஊர் மேடையிலும் யாருக்கு எதிராகவும் அவரால் நிற்க முடியும். ஊர்த் திருவிழாக் குழுவினர் நாடக அமைப்பாளரை, அதாவது ஏஜெண்டை, அணுகி முன்பணம் கொடுக்கின்றனர். அவர் கதாநாயகனாகிய ராஜபார்ட், கதாநாயகியாகிய ஸ்திரீபார்ட், நகைச்சுவைக்குரிய பபூன், அவரோடு ஆடிப்பாடும் டான்ஸ் நடிகை, இசைக்கலைஞர்கள் ஆகியோரிடம் தேதி வாங்கி, அவர்களின் படங்களோடு நோட்டீஸ் அச்சிடுகிறார்.

குறிப்பிட்ட நாளன்று மாட்டுத்தாவணியிலிருந்தோ ஆரப்பாளையத்திலிருந்தோ ஒருவர் பேருந்து ஏறுகிறார். இன்னொருவர் திண்டுக்கல்லிலிருந்தும் வேறொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து சேர்கின்றனர். ஹார்மோனியக் கலைஞரின் பணி இங்கே மிக நுட்பமானது. ஒவ்வொரு நடிகரும் பாடும் கட்டை, அதாவது சுருதியின் உயரம், வேறுபடுவதால், யார் மேடையேறுகிறாரோ அவருக்கேற்பத் தம் வாசிப்பை அவர் மாற்றிக்கொள்ள வேண்டும்; பாடுபவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுப் பாடித் தாங்கவும் வேண்டும். மிருதங்கக் கலைஞரோடு ‘ஆல்ரவுண்ட்’ என்று அழைக்கப்படும் கலைஞர் ஒருவரும் அமர்ந்து, பலவகைத் தாளக் கருவிகளால் நகைச்சுவைக்கும் சண்டைக்கும் உரிய ஓசைகளை எழுப்புகிறார். இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகத்தில், நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும் என்பதை அந்த இருவரின் புலமையும் கூட்டத்தின் ஆர்வமுமே முடிவு செய்கின்றன. நேற்று வரை ஒன்றாக மேடையேறாதவர்கள் கேள்விக்கு விடையும் பாட்டுக்கு எதிர்ப்பாட்டுமாக விடிய விடிய நிகழ்த்தும் இந்தக் கலைத்திறன், உலகின் எந்த இசைக்குழுவின் திறனுக்கும் குறைந்ததன்று.

சாலை வாழ்க்கையின் சுமை பெண்களுக்கு இருமடங்காகிறது. மதுரையில் தங்கி இக்கலையை ஆராய்ந்து 2005இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், நடிகைகளின் பயணத்தையே தனியாக எடுத்து ஆராய்ந்துள்ளார். இரவில் பலர்முன் ஆடிப்பாடும் தொழிலின் காரணமாக ஊரார் சுமத்தும் இழிவை எதிர்கொள்ள, இவர்கள் பேருந்திலும் வேனிலும் ஒப்பனைக் கொட்டகையிலும் குடும்பப் பெண்ணுக்குரியதாகச் சமூகம் கருதும் ஒதுக்கத்தைத் தாமே அமைத்துக்கொள்வதை அவர் பதிவு செய்கிறார். மேடையில் வள்ளியாக வணங்கப்படுபவர் மேடையை விட்டு இறங்கியதும் ‘கூத்தாடி’ என்ற ஒரு சொல்லுக்குள் சுருக்கப்படுவது பெரும் அநீதி. அந்த வள்ளி விடியற்காலையில் ஒப்பனையைக் கலைத்துவிட்டு, முதல் பேருந்தில் வீடு திரும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலையே மற்றோர் ஊருக்குப் புறப்பட வேண்டியிருக்கும்.

ஆண் கலைஞர்களும் இழிவுக்குத் தப்பியவர்கள் அல்லர். திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் (1886-1940), தேசியப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். தாழ்வாகக் கருதப்பட்ட, முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில், வள்ளி திருமணத்தில் முருகனாக மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

பங்குனி முதல் ஆடி வரையிலான கோயில் திருவிழாக் காலமே இக்கலைஞர்களின் முதன்மையான வருமானக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அழைப்புகள் அரிதாகிவிடும். 2020ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25ஆம் நாள், பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் நேரத்திலேயே வந்து விழுந்தது; அடுத்த ஆண்டு கோடையிலும் அதே நிலை தொடர்ந்தது. கொடுத்திருந்த தேதிகள் ரத்தானபோது, நாளுக்கு நாள் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படும் ஒருவருக்கு, முறையிடுவதற்கு ஒரு முதலாளிகூட இல்லை.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நல வாரியத்தின் உதவி அவசியமானதே. எனினும் நாடகக் கலைஞரின் ஓர் இரவை மாற்றியமைக்கும் அதிகாரம் அரசைவிட அவரை அழைக்கும் ஊருக்கே மிகுதி. சட்டமன்ற உறுப்பினர் நிதியில் சிமெண்ட் கலையரங்கம் எழுப்பும் ஊர்கள், அதன் பின்புறத்தில் கதவுள்ள ஒப்பனை அறையும் கழிப்பறையும் கட்டித் தரட்டும். நாடகம் முடிந்தவுடன் கலைஞர்களைப் பேருந்து நிலையம் வரை கொண்டு சேர்க்க ஒரு வாகனத்தையும், பேசிய தொகையை மேடையேறும் முன்பே கொடுக்கும் வழக்கத்தையும் ஒவ்வொரு திருவிழாக் குழுவும் ஏற்பாடு செய்யட்டும்.