சனிக்கிழமை அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆயாம்மா முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் நீங்கள் சனிக்கிழமை அம்மா. இரும்புலியூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வெளியூர் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

2014 ஜனவரியில் தாம்பரம் சானட்டோரியத்தில் என்னைச் சேர்த்தார்கள். ஐசோனியசிட், ரிபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத டிபி. அப்போது அதற்கு இரண்டு வருஷ வைத்தியம். முதல் ஆறு மாதம் கானமைசின் ஊசி, கூடவே கை நிறைய மாத்திரை. எத்தியோனமைடு உள்ளே போன அரை மணியில் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். வேலை பார்த்த இடத்தில் கணக்கை முடித்துவிட்டார்கள். பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. இருபத்தேழு வயது எனக்கு. சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான்.

பார்க்க வந்த சபையார் எல்லாரும் 91ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். நல்ல சங்கீதம்தான். ஆனால் பக்கத்துக் கட்டில் அண்ணன் முந்தின ராத்திரிதான் இறந்திருந்தார். கொள்ளைநோய் அண்டாது என்பதை அன்று என்னால் கேட்க முடியவில்லை. நீங்கள் வந்தீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று வரும் ஜன்னல் பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். முதுகு கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய பைபிளைத் திறந்து 88ஐ வாசித்தீர்கள். தொடக்கம் முதல் கடைசி வரை முறையீடு, முடிகிற இடத்திலும் இருட்டு. வாசித்து முடித்து, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் மூடினீர்கள். “இதுவும் வேதத்துலதான் இருக்கு தம்பி” என்றீர்கள். அவ்வளவுதான். நான் திரும்பிப் படுத்தேன்.

அதற்கப்புறம் ஃப்ளாஸ்கைத் திறந்து கஞ்சியை மூடியில் ஊற்றினீர்கள். வறுத்த உளுந்தும் பூண்டும் போட்ட கஞ்சி. ஒரு ஓரத்தில் தேங்காய்த் துவையல். நாலு வாய் குடித்து இரண்டு வாய் கக்கினேன். மூடியைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஊற்றினீர்கள்.

ஒரு விஷயம் எழுதத்தான் வேண்டும். இன்றைக்கும் எத்தனையோ பேரை அது கொல்கிறது. ஒரு ஜெபக்கூட்டத்தில், விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் பாதி நம்பிவிட்டாள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத் துணிமணியெல்லாம் கட்டிவிட்டாள். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். “பவுல் அப்போஸ்தலரே வைத்தியன் லூக்காவைக் கூடவே வச்சுக்கிட்டாரு. உங்க பிள்ளை அவரைவிடப் பெரிய விசுவாசியா?” அம்மா துணிமூட்டையை அவிழ்த்தாள். நான் உயிரோடு இருப்பது அந்தக் கேள்வியால்.

அன்று சாயந்தரம்தான் இந்த இடத்தின் கதையைச் சொன்னீர்கள். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் இதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் அவர் நடத்திய சானட்டோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். டிபிக்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசினே 1943இல்தான் வந்தது. “வெறும் காத்தையும் வெளிச்சத்தையும் நம்பிக் கட்டினாரு. உனக்கு மருந்து இருக்கு. முழுங்கு.”

எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்ற இடங்களில் பயந்த 1990களில் இந்த ஆஸ்பத்திரி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் வரத் தொடங்கியதும் அப்போதுதான். அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மாத்திரை தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதற்கு முதலில் எடுத்துக்கொண்ட எட்டு ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று. அதுவரை, போன வாரம் கஞ்சி கொடுத்த கட்டில் இந்த வாரம் காலியாகக் கிடக்கும் என்றீர்கள். அத்தனை காலி கட்டில்களையும் பார்த்தபிறகும் அடுத்த சனிக்கிழமை எப்படி அரிசியைக் களைந்தீர்கள் அம்மா? அதை நான் உங்களிடம் கேட்கவே இல்லை.

உங்கள் அப்பா கிறிஸ்தவக் கல்லூரியில் சமையல் வேலை பார்த்தவர். 1938 டிசம்பரில் அங்கே நடந்த உலக மிஷனரி மாநாட்டுக் கதையை அவர் சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சீனாவில் ஹாங்சோவில் நடக்க வேண்டியது. ஜப்பான் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு வந்தது. சண்டை ஓயாத நேரத்தில் சீனக் கிறிஸ்தவர்களும் ஜப்பான் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின் கீழ் ஜெபித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்து சிலுவையைப் பற்றிப் பேசிய ககாவாவுக்கு வாலிப வயதில் டிபி. பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கைவிட்டவர். “அவர் நடந்த மண்ணுலதான் நீ படுத்திருக்க” என்றீர்கள். அன்று முதல்முறையாக எழுந்து வராண்டா வரை நடந்தேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. மறுநாள் வந்தபோது, உங்கள் மகன் 1994இல் இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்தான் என்று சொன்னீர்கள். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. “சீஷர்களுக்கு நேத்து நடந்தது தெரியும், நாளைக்கு நடக்கப்போறது தெரியாது. நடுவுல ஒரு சனிக்கிழமை. எனக்கு இருபது வருஷமா அந்த நாள்தான் தம்பி” என்றீர்கள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனீர்கள்.

ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் பொறுமைக்கும் நம்பிக்கைக்கும் நடுவே ‘பரீட்சை’ என்று ஒரு படி இருக்கிறது. சளிக் கல்ச்சர் முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தபோதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. நாலாம் மாதம் நெகட்டிவ். ஊசியால் இடது காது மட்டும் பாதி போய்விட்டது.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு வைத்தியம் முடிய ஒரு மாதம் இருந்தது. முடிச்சூரில் கீழ்வீடு முழுகி மொட்டைமாடியில் இருந்தோம். மாத்திரைகளைச் சாம்பார் குண்டானில் போட்டு மூடி, மேலே கல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் படகில் ஏற்றிக்கொண்டு போய் ரோட்டில் இறக்கினார்கள். தண்ணீர் முடிகிற இடத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரொட்டிப் பையோடு நின்றீர்கள். ஒவ்வொரு படகாக விசாரித்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறார்களாம் என்று போலீஸ்காரர் சொன்னார். என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி:

“மாத்திரை நனையலையே?”

நனையவில்லை அம்மா. ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டு முடித்தேன். அன்று ரோட்டில் உங்களைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது, நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
ஜன்னலோரக் கட்டில்