கிணற்று நத்தையின் குலம் கோத்திரம்

நத்தை என்றதும் மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஊர்ந்து, மினுமினுவென்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிற ஆசாமிதான் நம் நினைவுக்கு வருவார். நான் சொல்லப் போகிற நத்தை அவருக்கு மிகவும் தூரத்து உறவு. வெயிலையும் மழையையும் கண்டறியாதது. எள்ளை நிமிர்த்தி வைத்தால் என்ன உயரமோ அந்த உயரந்தான்; அளந்து சொன்னால் 2 முதல் 4 மில்லிமீட்டர். கண் கிடையாது, நிறமும் கிடையாது. உயிரோடிருக்கும்போது ஓடு கண்ணாடி போலிருக்கும். செத்த பிறகு வெளுத்துப் போகும். பூமிக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் ஓடும் சில்லென்ற தண்ணீரில் பிறந்து, பாறைமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைத் தின்று, அங்கேயே கதையை முடித்துக் கொள்கிறது. ஜெர்மானியர்கள் இதைக் 'கிணற்று நத்தை' என்கிறார்கள்.

"இதற்கும் நமக்கும் என்ன அம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கலியாணமாகி, கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டுத் தென் ஜெர்மனியில் ஊல்ம் நகரத்துக்கு அருகே குடியேறிய புதிதில் நானும் அப்படித்தான் கேட்டேன். சம்பந்தம் தண்ணீர் வழியாக வந்தது.

எங்கள் ஊருக்கு மேலே ஸ்வாபிய ஆல்ப் என்ற மலை இருக்கிறது. உச்சி கூராக இராது. பரந்த மேட்டு நிலம். மழை பெய்யும், பனியும் கொட்டும். ஆனால் மேலே தண்ணீர் தங்காது. சுண்ணாம்புக் கல் அல்லவா? மழைநீர் அதை யுகயுகமாகக் கரைத்துக் கரைத்துச் சல்லடைக் கண்ணாக்கி வைத்திருக்கிறது. விழுந்த நீரெல்லாம் உள்ளே போய்விடும். மேட்டு ஊர்க்காரர்கள் கூரைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தும், களிமண் பூசிய குட்டைகளை நம்பியும் காலம் தள்ளினார்கள். கோடையில் குட்டை வற்றினால் பள்ளத்தாக்குக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டு வரவேண்டும். கார்ல் ஏமான் என்ற என்ஜினீயர் கீழே உள்ள ஊற்று நீரை மேலே ஏற்றும் திட்டம் போட்டு, 1871-ல் யுஸ்டிங்கன் என்ற ஊரில் முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வரச் செய்தார். அன்று அந்த ஊர்ப் பெண்கள் எப்படிப் பூரித்திருப்பார்கள் என்பதை, விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலை விழுங்கிய தண்ணீர் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ப்ளௌபாய்ரன் என்ற ஊரில் உள்ள ஊற்றுக்கு 'நீலப் பானை' என்றே பெயர். அதன் ஆழம் 20 மீட்டருக்கு மேல். நிறமோ நீலக்கல்லை அரைத்துக் கரைத்தாற்போல! இப்படிப்பட்ட ஊற்றுகளின் வாயில் படியும் மணலில்தான் நம் நத்தையின் ஓடுகள் அகப்படும்.

அகப்படும் என்று நான் சொல்வது படித்து அல்ல, பொறுக்கி! எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அந்த நாட்டு வழக்கப்படி அவரைத் 'திருமதி இன்னார்' என்று கூப்பிட வேண்டும். எனக்கோ 'டீச்சர்' என்றுதான் வாயில் வரும். அவரும் ஆட்சேபிக்கவில்லை. 30 வருஷமாக அவர் அக்கம்பக்கத்து ஊற்று மணலை அரித்து, நத்தை ஓடுகளைச் சேர்த்து வந்தார். காய்ந்த மணலைத் தண்ணீரில் கொட்டினால் காற்று அடைத்த வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், ஊறிய உளுந்தைக் களையும்போது தோல் மிதப்பது போல. அவற்றைக் கறுப்புத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியின் கீழே, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்ணல்லவா எனக்கு? முதல் நாளே டீச்சர் அசந்து போனார். அதற்கப்புறம் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் எனக்கு அவர் வீட்டில்தான் வேலை.

மணலில் கிடைப்பதெல்லாம் அநேகமாகச் செத்த ஓடு. பெருமழைக்கோ பனி உருகலுக்கோ பிறகு உள்ளேயிருந்து அடித்துக்கொண்டு வரும் ஒன்றிரண்டுதான் உயிரோடு இருக்கும். ஆகவே, ஆளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தே பெயர் வைத்தார்கள் அந்தக் காலத்து விஞ்ஞானிகள். 1873-ல் வீடர்ஸ்ஹைம் என்ற உடற்கூற்று நிபுணர் இந்த மலையின் பால்கன்ஸ்டைன் குகையில் கிடைத்த நத்தைக்கு, குவென்ஸ்டெட் என்ற நிலநூல் பேராசிரியரின் பெயரைச் சூட்டினார். 1882-ல் பூர்கினியா என்ற பிரெஞ்சுக்காரர் 'பிதியோஸ்பியம்' என்று ஒரு வகுப்பையே ஏற்படுத்தினார்; ஆழத்தையும் குகையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. அவர் தாராள மனசுக்காரர். ஓட்டில் ஒரு சுற்று சற்றுப் பருத்திருந்தால் போதும், புதுப் பெயர் வைத்துவிடுவார்! பிறகு ஸ்டுட்கார்ட்டில் பள்ளி ஆசிரியராக இருந்த டாவிட் கையர், 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஊற்று ஊற்றாக அலைந்து பல பெயர்களைச் சேர்த்தார். இப்படியாக, ஊற்றுக்கு ஒரு நத்தை, நத்தைக்கு ஒரு பெயர் என்று குடும்பம் பெருகிவிட்டது.

எங்கள் ஊருக்குக் கீழே உள்ள சின்ன ஊற்றின் நத்தையும் தனி இனம் என்றே டீச்சர் நம்பியிருந்தார். அவர் குப்பிகளில் ஒட்டியிருந்த சீட்டும் அப்படித்தான் சொல்லிற்று. ஆனால் தட்டைப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுத்தும். ஒரே பிடி மணலிலேயே ஒல்லியும் இருக்கும், குண்டும் இருக்கும். நம் வீட்டுக் குழந்தைகள் நாலு பேரும் ஒரே அச்சிலா இருக்கிறார்கள்?

அதோடு, வெளியே ஊற்றுகள் தனித்தனியாகத் தோன்றினாலும் உள்ளே வழி உண்டு. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியம் இருக்கிறது. இம்மெண்டிங்கன் என்ற இடத்தில் டான்யூப் நதியின் நீர் பாறையில் இறங்கி மறைகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, 1877-ல் க்னோப் என்ற பேராசிரியர் 10 கிலோ பச்சைச் சாயத்தையும், வண்டி வண்டியாக உப்பையும், நாற்றமடிக்கும் எண்ணெயையும் அதில் கொட்டினார். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆஹ் நதியின் ஊற்றில், தண்ணீர் பச்சையாகவும் கரிப்பாகவும் நாற்றமாகவும் வந்து சேர்ந்தது! கருங்கடலுக்குப் போகவேண்டிய டான்யூப் நீர், மலைக்கடியில் கட்சி மாறி, ரைன் நதியில் கலந்து வடகடலுக்குப் போகிறது. தண்ணீருக்கு வழி இருந்தால் நத்தைக்கும் இருக்கலாம் அல்லவா?

இந்தச் சந்தேகத்தை ஸ்டுட்கார்ட் இயற்கைக் காட்சிசாலையின் இரா ரிச்லிங் அம்மையாரும் அவருடைய சகாக்களும் எடுத்துக் கொண்டார்கள். வெற்று ஓட்டை விட்டுவிட்டு, உயிரோடு கிடைத்த நத்தைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். இம்மாதிரிச் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது மைட்டோகாண்டிரியா என்ற உறுப்பில் உள்ள மரபணு. அதில் ஒரு விசேஷம்: பெரும்பாலான பிராணிகளில் அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. குலம் கோத்திரத்தைத் தகப்பன் வழியாகவே விசாரித்துப் பழகிய நமக்கு, தாய்வழியைக் கேட்டால்தான் உண்மை தெரிகிறது என்பதில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

2017-ம் வருஷத்து விஞ்ஞானப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. தனித்தனி இனமென்று நினைத்த பலவும் உண்மையில் ஒன்றே. 'மறைந்து போகும் வளமிடம்' என்று பொருள்படக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மறைந்தது நத்தையல்ல, பெயர்கள்! எப்போதும் இப்படியே நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். பிரான்சு தேசத்து நிலத்தடியில் வாழும் நிபார்கஸ் விரேய் என்ற இறால் போன்ற பிராணியை ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். 2006-ல் சோதித்தபோது, பார்வைக்கு ஒன்று போலிருந்த அதற்குள் 3 இனங்கள் இருந்தன. வெளித்தோற்றம் இரண்டு விதமாகவும் ஏமாற்றும்.

செய்தியைப் படித்த அன்று டீச்சர் அதிகம் பேசவில்லை. காப்பி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. பெயர் போனதற்காக வருந்துகிறார் என்று நினைத்தேன். வருத்தம் அதுவல்ல.

"மேலே வயலில் சாணக் கரைசலை ஊற்றும்போதெல்லாம், 'உலகத்திலேயே இந்த ஊற்றில் மட்டும் இருக்கிற ஜீவன்' என்று நகர சபைக்கு எழுதுவேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் காது கொடுத்தார்கள். இனி என்ன சொல்வேன்?" என்றார்.

அவர் கவலை நியாயமானதுதான். சுண்ணாம்பு மலையில் மண் நீரை வடிகட்டக் கிடைக்கும் அவகாசம் குறைவு. மேலே ஊற்றியது மளமளவென்று கீழே வந்துவிடும். நத்தை குடிக்கிற தண்ணீரைத்தான் ஊரும் குடிக்கிறது.

அடுத்த சனிக்கிழமை போனபோது மேஜை நிறையக் குப்பிகள். டீச்சர் புதுச் சீட்டுகள் எழுதிக் கொண்டிருந்தார். பழைய சீட்டை எறிவதில்லை என்பது காட்சிசாலை வழக்கம். புதியதை அதனோடு சேர்த்துப் போட வேண்டும். பெயர்களுக்கும் சட்டம் உண்டு: ஒரே இனத்துக்குப் பல பெயர் இருந்தால், முறைப்படி முதலில் வைத்த பெயரே பொதுவாக நிற்கும். இளையவை குடும்பப் பதிவில் ஓரமாக இருக்கும். யார், எந்த வருஷம், எந்த ஊற்றில் கண்டார் என்பது அழிவதில்லை.

"ஒரு விஷயம் யோசித்தேன்" என்றார் டீச்சர், எழுதியபடியே. "தனி இனமாக இருந்தால் ஒரு ஊற்றைக் காப்பாற்றினால் போதும். ஒரே குடும்பம் மலைக்கடியில் இத்தனை தூரம் பரவியிருக்கிறதென்றால், ஒரு ஊற்றோடு விட முடியுமா? உள்ளே ஓடுகிற தண்ணீர் முழுவதையும் அல்லவா கவனிக்க வேண்டும்?"

அன்று மாலையே நகர சபைக்கு ஒரு கடிதம் தயாராயிற்று. பழைய நகலில் 'இந்த ஊற்றில் மட்டும்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'இந்த மலைக்கடியில் ஓடும் நீரெங்கும்' என்று எழுதினார் டீச்சர். கடிதம் முன்னைவிட இரண்டு பக்கம் நீண்டுவிட்டது. தட்டச்சு செய்தவள் நான், எனக்குத் தெரியாதா?