சேம அச்சும் சக்கரப் பேரிங்கும்

ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு இம்முறை யாது எழுதுகின்றீர் என்று நண்பரொருவர் வினவினார். எம் காரின் பின் சக்கரப் பேரிங் மாற்றிய செய்தியை எழுதக் கருதியுள்ளோம் என்றோம். அவர் நகைத்தார். புலவரும் புரவலரும் உலாவும் பக்கங்களிற் கிரீஸ் படிந்த கையோடு புகுதல் தகுமோ என்பது அவர் ஐயம். தகும் என்பதற்கு ஔவையாரே எமக்குச் சான்று. உப்பு விற்கும் உமணர் பாரமேற்றிய வண்டியோடு பள்ளத்திலிறங்கியும் மேட்டிலேறியும் செல்லுங்கால், வழியில் யாது நேருமோ என அஞ்சி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்வர் என்று புறநானூற்று 102ஆம் பாட்டில் அவர் கூறியுள்ளார். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி என்னும் தலைவனை அவ்வச்சுக்கு ஒப்பிட்டே அவர் புகழ்ந்தார். அப்பெருமாட்டியார் வண்டியின் அடியைக் குனிந்து நோக்கியிருத்தல் வேண்டும்; யாம் குனிவதில் இழுக்கொன்றும் இல்லை.

எம் கார் போர்டு ஐகான் என்னும் வகையினது, 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உடையது. இவ்வகை 1999ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்தது. அது செய்யப்பட்ட இடம் மறைமலை நகர். சென்னையினின்று திண்டிவனம் நோக்கி வரும் பெருஞ்சாலையை அடுத்த ஊர். ஏறத்தாழ 90 குதிரைத்திறன் என்பது அந்நாளில் ஒரு குடும்ப வண்டிக்குச் சற்று மிகையே. ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தனர். இளைஞர் பலர் அதன் வேகத்தில் மயங்கினர். எம் தந்தையாருக்கு அப்போது ஐம்பது வயது நிரம்பியிருந்தது, அவரும் மயங்கினார். 2003இல் வாங்கினார். அவர் மறைந்தபின் வண்டி எம்மிடம் வந்தது. பதினைந்தாண்டு கழிந்தபின் பதிவைப் புதுப்பித்து, மறுபடியும் ஐந்தாண்டு கழித்துப் புதுப்பித்து, இன்றும் ஓட்டி வருகின்றோம். இதற்கிடையில், இந்தியாவிற் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் மறைமலை நகரில் கார் செய்யும் வேலை நின்றது. பிள்ளை நடமாடிக்கொண்டிருக்கப் பிறந்த வீடு பூட்டப்பட்டது போன்ற நிலை எம் வண்டிக்கு நேர்ந்தது.

எம் அன்னையார் திண்டிவனத்தில் வசிக்கின்றார். திங்கள்தோறும் ஒருமுறை அவரை முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றோம். சென்ற தைத் திங்களில் அவ்வாறு செல்லும்போது, கூட்டேரிப்பட்டைக் கடந்த சிறிது நேரத்தில், பின்னிருக்கையிலிருந்து, “ஏன் தம்பி, என் காலடியில் யாரோ எந்திரத்தில் உளுந்து உடைக்கிறாற்போல் இருக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா?” என்றார். முன்னிருக்கையில் எஞ்சினின் ஒலியும் காற்றின் இரைச்சலுமே மேலோங்கி நிற்கும். பின் சக்கரத்தின்மேல் அமர்ந்திருப்பவர்க்கே அதன் குரல் நேரே எட்டும். செவியைக் கூர்ந்து வைத்தபின் எமக்கும் கேட்டது: தாழ்ந்த, இடைவிடாத முனகல்; வேகம் ஏற ஏறத் தானும் ஏறுவது.

சாலையின் மேற்பரப்பு மாறினாலும் இத்தகைய ஓசை எழும். ஒருபுறம் தேய்ந்த டயரும் இவ்வாறே முனகும். ஆதலின் முதலில் கிளட்சை அழுத்தி, கியரை விலக்கி, வண்டியைத் தானே உருளவிட்டுப் பார்த்தோம். எஞ்சினின் ஓசை அடங்கியது, முனகல் அடங்கவில்லை. மறுநாள் முன் டயர்களைப் பின்னும், பின் டயர்களை முன்னுமாக மாற்றிப் பூட்டினோம். டயர் குற்றவாளியாயின் ஓசை முன்பக்கம் பெயர்ந்திருக்கும். அது பின்னேயே நின்றது.

வண்டியை விற்றுவிடுக என்றார் எம் மைத்துனர். அவர் கூறியது மூடத்தனமன்று. இருபதாண்டு கடந்த வண்டி. உதிரிப் பொருள் அரிது. நோயுற்ற முதியவரை ஏற்றிச் செல்ல வேண்டிய கடமை. பேரிங் கெட்டபின் அதன்மேல் ஓடினால் முதலிற் சூடேறும். கிரீஸ் உருகி வடியும். உருளைகளைத் தாங்கும் கூடு உடையும். டிரம் ஆடிப் பிரேக் ஒழுங்காகப் பிடியாது. அச்சு முனை அறுபடும். முடிவிற் சக்கரமே கழன்று போதலும் உண்டு. எம் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு 900 முறைக்கு மேற் சுழலும். திண்டிவனத்தினின்று விழுப்புரம் சேர்வதற்குள் ஏறக்குறைய 20,000 சுற்று. இத்தனை சுற்றையும் தாங்குவன சக்கரத்திற்கு இரண்டாகப் பொருத்திய சிறு எஃகு வளையங்களே. அவற்றைச் செவ்வையாக மாற்ற இயலுமாயின் வண்டி எம்மிடம் நிற்கும். இயலாதெனின் மைத்துனர் சொற்படி செய்வது என்று முடிவு செய்து, விழுப்புரத்திற்கு மெல்ல ஓட்டிச் சென்றோம்.

அங்கு எமக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் உளர். அறுபது வயதைக் கடந்தவர். வண்டியைத் தாமே எடுத்துக்கொண்டு சிறிது தொலைவு போய்வந்தார். வளைவுகளில் வேண்டுமென்றே நீளத் திருப்பினார். இடப்புறம் வளைந்தபோது முனகல் மிகுந்தது. வலப்புறம் வளைந்தபோது தணிந்தது. “வலது பக்கம்தானுங்க” என்றார். இடப்புறம் திரும்புங்கால் பாரம் வலப்பக்கத்திற் சாயும். நோயுள்ள உறுப்பின்மேற் சுமை ஏற, அது கூவும். எம் கல்லூரியின் பௌதிக வகுப்பில் யாம் பயின்ற செய்திதான். எனினும், ஒரு தெரு வளைவில் அதைச் செவியாற் கேட்டது அன்றுதான். பின்னர் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். சிறு ஆட்டம் தெரிந்தது. ஒரு கையாற் சக்கரத்தைச் சுழற்றி மறு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தார். எம் கையையும் வைக்கச் சொன்னார். கரகரப்பு விரலில் ஏறியது.

பேரிங் கிடைப்பது அடுத்த தொல்லை. உள்ளூர்க் கடையொன்றில் ஒன்று கிடைத்தது. பெட்டியின் அச்சு மங்கியிருந்தது. வளையத்தில் எண்ணும் பெயரும் தெளிவாக இல்லை. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி ஒருமுறை சுழற்றி, ஒன்றும் சொல்லாமற் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாட் கழித்துச் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வேறொன்று வந்தது. பேரிங்கின் விலை குறைவென்று கண்டதை வாங்குவோர்க்கு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது: மாற்றும் உழைப்பு இரண்டிற்கும் ஒன்றே.

இனி வேலை. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கல் வைத்து, கைப் பிரேக்கை விடுவித்தார்; அப்பிரேக் பின் டிரம்மையே பிடிப்பதாதலின் அது இறுகியிருப்பின் டிரம் வாராது. நடுவிலிருந்த கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, பெரிய நட்டைக் கழற்றி, டிரம்மை இருகையாலும் அசைத்து அசைத்து இழுத்தார். வெளிப் பேரிங் கையோடு வந்தது. பின்புறத்து ஆயில் சீலை நெம்பி எறிந்தபின் உட்பேரிங்கும் வந்தது. மண்ணெண்ணெயிற் கழுவி வெயிலிற் காட்டினார். உட்பேரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. அவை ஓடும் வெளிவளையத்தில் அம்மை வடுப் போன்ற பள்ளங்கள். உளுந்து உடைத்தது அவையே.

இவ்வகைப் பேரிங்கின் உருளைகள் ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்திருக்கும். இவ்வமைப்புக்கு அமெரிக்காவில் 1898இல் உரிமை பெற்ற ஹென்றி டிம்கென் என்பார் குதிரை வண்டி செய்பவர். நேர் பாரத்தோடு, வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒருங்கே தாங்குதற்கே அச்சரிவு. எம் நாட்டு மாட்டு வண்டியில் இருசின்மேற் குடம் நேரே உராயும். விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் குழைத்த மசகே அவ்வுராய்வைத் தணிக்கும். கடையாணி கழலாமற் காக்கும். உராய்தலை உருளுதலாக மாற்றியதே பேரிங் செய்த உபகாரம். மசகு வேண்டுவது மட்டும் மாறவில்லை.

பழைய வளையங்களை எடுப்பதும் புதியவற்றைப் பதிப்பதுமே கைத்திறன். பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு, ஒருமுறை இப்பக்கம், ஒருமுறை அப்பக்கம் எனத் தட்டிப் பழைய கப்பை வெளியேற்றினார். ஒரே பக்கம் தட்டினால் அது கோணிக்கொண்டு குடத்தையே கீறும். புதியதைப் பதிக்கும்போது வேறொரு பழைய வளையத்தை அதன்மேல் வைத்துத் தட்டினார். முதலில் ஒவ்வோர் அடிக்கும் கணீர் கணீர் என்ற நாதம். சட்டென அது மாறி, மொத்தென்று மங்கியது. சுத்தியலை நிறுத்தினார். “உட்கார்ந்துடுச்சு” என்றார். அடியில் எட்டிப் பார்க்கவுமில்லை. செவி சொன்னது போதும் போலும். பின்னர்ப் பார்க்கவும் செய்தார். அது எம் மனநிறைவுக்காக.

கிரீஸை இடது உள்ளங்கையிற் குவித்து, பேரிங்கின் அகன்ற வாயை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தார். மறுபுறத்து இடைவெளிகளில் கிரீஸ் புழுப் போல் வெளிவரும்வரை விடவில்லை. மேலே பூசினாற் போதாது. உருளைகளின் இடையே புக வேண்டும். இதனை எம்மிடமும் ஒன்று கொடுத்துச் செய்வித்தார். பழைய வண்டிகள் பலவற்றில் நட்டை இறுக்கி, பின் சற்றே தளர்த்தி, விரலளவில் நிறுத்தி, ஸ்பிளிட் பின் செருகுவதே முறை. அவ்வளவு இவ்வளவென்று கையே அறியும். எம் வண்டிக்கு அவர் டார்க் ரெஞ்சை எடுத்து அளவு வைத்தே முறுக்கினார். கைப்பழக்கம் உள்ளவர் அளவுகோலை இகழாதது எமக்கு மிகவும் பிடித்தது. இந்நாளைய கார்கள் பலவற்றில் பேரிங்கும் குடமும் ஒன்றாகவே மூடி வருகின்றன. கெட்டால் முழுவதையும் கழற்றி முழுவதையும் பூட்டுவர். வேலை எளிது, பிழைக்கும் இடமும் குறைவு. ஆயின் கணீரென்னும் நாதம் மங்கும் அக்கணத்தை அறிந்த செவிக்கு அங்கே வேலையில்லை. மேஸ்திரியின் மகனார் கணிப்பொறியில் வண்டியின் பழுதுகளைப் படிக்க வல்லவர். கப் பதிக்கும் வேலையை அவர் இன்னும் தந்தையிடமே விடுகின்றார்.

இடது பக்கத்தையும் மாற்றிவிடலாமே என்றோம். கழற்றிக் கழுவிப் பார்த்தபின், அதில் நோயில்லை என்று, புது கிரீஸும் புது சீலும் மட்டும் இட்டுப் பூட்டினார். எமக்கென வாங்கிய இடப்பக்கப் பேரிங் பிரிக்கப்படாமல் இப்போது வண்டியின் பின்பெட்டியிற் கிடக்கின்றது.

அடுத்த முறை முண்டியம்பாக்கத்திற்குச் சென்றபோது விக்கிரவாண்டி வரையில் அன்னையார் உறங்கிவிட்டார். சுங்கச் சாவடியைக் கடந்து ஓரமாக நிறுத்தி, மேஸ்திரி சொன்னபடி இரு பின் சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தோம்; இரண்டும் ஒரே அளவில் இளஞ்சூடாக இருந்தன. 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஜாக்கியில் ஏற்றி ஆட்டிப் பார்க்க வேண்டுமென்று அவர் கூறியுள்ளார். வரும் சனிக்கிழமை அதற்கெனச் செல்கின்றோம்.